ஆசாரி கட்டிய ஆலயம்

பின்லாந்தின் நடுப்பகுதியில், யூவாஸ்குலா நகருக்கு மேற்கே, ஏரிகள் சந்திக்கும் ஒரு நிலமுனையில் இருக்கிறது பெத்தாயாவேசி பழைய லுத்தரன் ஆலயம். போனதும் உள்ளே நுழைந்துவிடாதீர்கள். தண்ணீர்க் கரைவரை நடந்துபோய் அங்கிருந்து திரும்பிப் பாருங்கள். இந்தச் சபையார் கோடையில் படகில் வந்தார்கள், பனிக்காலத்தில் உறைந்த ஏரியின் மேலேயே வந்தார்கள். செங்குத்தாக இறங்கும் அந்தக் கூரை தூரத்திலிருந்து பார்க்கவே கட்டப்பட்டதுபோல இருக்கும்.

கட்டியவர் யாக்கோ லெப்பானன். கட்டடக்கலை படித்தவரல்ல, ஊர்ப்பக்கத்துத் தச்சாசாரி. 1763இல் தொடங்கி 1765இல் முடித்தார். மணிக்கூண்டு அவர் பேரன் எர்க்கி 1821இல் சேர்த்தது. நடுவே 1809இல் நாடே கைமாறியிருந்தது: தாத்தா ஸ்வீடன் மன்னரின் குடி, பேரன் ரஷ்யப் பேரரசரின் குடி. இரண்டு கட்டடத்தையும் சேர்க்கும் சிறு நடையில் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஆட்சி மாறிய சுவடு எதுவும் மரத்தில் தெரியாது.

உள்ளே போனால் நேராக நடுவுக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். சிலுவை வடிவத் தரை, சம நீளத்தில் நான்கு கைகள், அவை கூடும் இடத்தில் எட்டுப் பட்டைக் குவிமாடம். இது பெரிய நகரங்களின் கல் ஆலயங்களுக்கு உரிய வடிவம். கல்லில் வளைவு தன் எடையாலேயே இறுகி நிற்கும். மரத்துக்கு அந்தக் குணம் கிடையாது. அதைத் தெரிந்துகொண்டே ஓர் ஆசாரி கல்லின் வடிவத்தை மரத்தில் இழைத்துக் காட்டியிருக்கிறார். மேலே செங்காவியில் தீட்டிய அலங்காரத்தையும் பாருங்கள், வண்ணம் என்று சொல்ல அதிகம் வேறில்லை. என்னைக் கேட்டால், அந்தச் சிக்கனம்தான் அழகு.

பிறகு சுவருக்கு அருகே வாருங்கள். சாந்து பூசாத, வர்ணம் அடிக்காத மரக்கட்டைகள். ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும் இடத்தில் கண்ணைத் தாழ்த்திப் பார்த்தால் கோடாரி செதுக்கிய தடங்கள் மீன் செதில்போல ஒன்றையடுத்து ஒன்றாகத் தெரியும். வெட்டு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தால், ஆள் எங்கே நின்று வீசினான் என்றுகூட ஊகிக்கலாம்.

பிரசங்க பீடத்தைத் தவறவிடாதீர்கள். அதைத் தாங்குவது புனித கிறிஸ்தோபரின் மரச்சிற்பம். குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆறு கடந்ததாகக் கதையுள்ளவர். புனிதர்களிடம் வேண்டுவதை லுத்தரன் சபை கைவிட்டது உண்மைதான். ஆனாலும் படகேறி வந்த சனங்களுக்கு நடுவே, போதகரையும் பிரசங்கத்தையும் சேர்த்துச் சுமக்க இவரைவிடப் பொருத்தமான ஆள் யார்? பீடத்திலுள்ள தேவதைகளின் முகம் நாட்டுப்புறத்து முகம். நளினம் தேடினால் ஏமாந்துபோவீர்கள்.

இவ்வளவும் மிஞ்சியதற்குக் காரணம் புறக்கணிப்பு. 1879இல் புது ஆலயம் எழுந்தது, பழையதைக் கைவிட்டார்கள். அதனால் யாரும் இதற்கு வர்ணம் பூசவில்லை, அடுப்பு வைக்கவில்லை. 1920களில் கலை வரலாற்றாசிரியர் யோசெஃப் ஸ்ட்ரிகோவ்ஸ்கி வந்து இதன் அருமையைச் சொன்ன பிறகுதான் பழுதுபார்க்கும் வேலை சூடுபிடித்தது. 1994இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இப்போது வழிபாடும் கல்யாணங்களும் கோடையில்தான். நீங்களும் கோடையிலேயே போங்கள், ஒரு ஸ்வெட்டரோடு. உள்ளே இன்றும் கணப்பு கிடையாது.