மதிப்பீட்டில் விடுபடும் மொழி: செவிலியர் பட்டயப் படிப்பும் பரிமேலழகரின் அளவுகோலும்

திறவுச்சொற்கள்: செவிலியக் கல்வி, மதிப்பீடு, பரிமேலழகர், நோயாளியின் மொழி.

முன்னுரை

அமெரிக்காவில் செவிலியர் பற்றாக்குறை நிலவிய சூழலில், மில்ட்ரெட் மான்டாக் 1952இல் ஈராண்டு இணைநிலைப் பட்டப் படிப்பைச் சோதனை முறையில் தொடங்கினார். அதன் மதிப்பீட்டில் உரிமத் தேர்வு முடிவுகளோடு, படித்து வெளிவந்தோரைப் பணியிடத்தில் கண்ட தலைமைச் செவிலியரின் கருத்துகளும் சேர்க்கப்பட்டன. இந்தியாவில் அதற்கு நெருக்கமானது, ஜி.என்.எம். என வழங்கும் மூன்றாண்டுச் செவிலியர் பட்டயப் படிப்பு. இத்தகைய படிப்பை மதிப்பிடுகையில் தேர்ச்சி விழுக்காடு, ஆசிரியர்-மாணவர் விகிதம், பயிற்சி மருத்துவமனையின் படுக்கை எண்ணிக்கை ஆகியவை முதலில் நோக்கப்படுகின்றன. நோயாளியின் மொழியை உணரும் திறனும் அளவுகோலாதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

உரையாசிரியர் கூறும் நான்கு இயல்புகள்

மருத்துவத்தின் நான்கு உறுப்புகளுள் ஒருவராக, நோயாளியின் அருகிருந்து பேணுபவரையும் 950ஆம் குறள் வைக்கிறது. அவருக்குரிய இயல்புகளாக நோயாளியிடம் அன்பு, மனமொழிமெய்த் தூய்மை, சொன்னவற்றை அவ்வாறே செய்யும் வன்மை, அறிவு என நான்கினைப் பரிமேலழகர் குறிப்பிடுகிறார். இவற்றுள் அறிவை எழுத்துத் தேர்வும் செயல்வன்மையைச் செய்முறைத் தேர்வும் அளக்கின்றன. முன்னிரண்டும் பெரும்பாலும் அறவுரைகளாகவே நின்றுவிடுகின்றன. அன்பை மதிப்பெண்ணால் அளக்க இயலாது. ஆயினும் அன்பின் முதற்செயலாகிய செவிமடுத்தலை அளக்க இயலும்.

பரிமேலழகரின் பகுப்பையும் அப்படியே ஏற்பதற்கில்லை. சொன்னதைச் செய்தல் மட்டும் இன்றைய செவிலியர்க்குப் போதாது. மருந்தின் அளவு பிழைபட எழுதப்பட்டிருப்பின், அதனை வினவுதலும் அவர் கடமையாகும்.

படுக்கையருகில் தமிழ்

ஆங்கிலம் இப்படிப்பின் பாடங்களுள் ஒன்று. பாடநூல்களும் மருத்துவப் பதிவேடுகளும் பெரும்பாலும் அம்மொழியிலேயே அமைகின்றன. மருந்துப் பெயர்களுக்கும் வெளிநாட்டுப் பணிவாய்ப்புக்கும் அது இன்றியமையாதது. ஆயின் ஸ்ரீரங்கத்திலிருந்தோ லால்குடியிலிருந்தோ வரும் முதியவர் தம் நோயைத் தமிழில்தான் கூறுகிறார். ‘மயக்கமா வருது’ என்னும் அவர் கூற்று தலைசுற்றலையோ, நினைவிழப்பையோ, வெறும் தளர்ச்சியையோ குறிக்கலாம். மேலும் வினவாமல் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பதிவேட்டில் எழுதிவிட்டால், மருத்துவர் வேறொரு நோயைத் தேட நேரும். ‘சாப்பாட்டுக்கு முன் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று இன்சுலினுக்குக் கூறும் அறிவுரையும் இத்தகையதே. காலை இட்லியைப் பலகாரமாகவும் நண்பகல் சோற்றையே சாப்பாடாகவும் கொள்பவர், காலை ஊசியைத் தவறவிடக்கூடும். இரண்டிடத்தும் மாணவியின் பாட அறிவில் குறையில்லை. சொல்லின் பொருளெல்லையை உணராமையே குறை.

முடிவுரை

செய்முறைத் தேர்வில் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்கலாம். மாணவி நோயாளியின் கூற்றைக் கேட்டுப் பதிவுசெய்து, மருந்துண்ணும் முறையைத் தமிழில் விளக்க வேண்டும். நோயாளி அதைத் தம் சொற்களில் திருப்பிக் கூற வேண்டும். அவர் சரியாகக் கூறுவதே மாணவியின் தேர்ச்சிக்குச் சான்று. அவ்வாறு செய்தால், மான்டாக் திட்டம் தலைமைச் செவிலியர்க்கு அளித்த இடம் நோயாளிக்கும் கிடைக்கும்.

இதில் தமிழ்த்துறைகளுக்கும் பங்குண்டு. நோயைக் குறிக்கும் வட்டார வழக்குகளைத் தொகுத்துப் பொருள்வேறுபாடு காட்டுதல் மொழியாய்வாளர் பணி. திருச்சிராப்பள்ளியில் 1997இல் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி, தமிழறிஞர் கி.ஆ.பெ. விசுவநாதம் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெயர்ப்பலகையில் இணைந்த தமிழும் மருத்துவமும் மதிப்பெண் பட்டியலிலும் இணைவதே முறை.