ஞானபோனிக தேரரின் எழுத்தும் ஏதிலி வாழ்வும்

கண்டி உடவத்தகெலே வனத்தில் 1952 முதல் வாழ்ந்து 1994இல் மறைந்த ஞானபோனிக தேரரைப் பற்றி எழுதுவோர், அவரை உலகைத் துறந்த முனிவராகவே பெரிதும் சித்திரிப்பர். 1901இல் ஜேர்மனியின் ஹனாவு நகரில், யூதக் குடும்பமொன்றில், சீக்முண்ட் பெனிகராகப் பிறந்தவர் அவர். அவரது துறவு வரலாற்று நெருக்கடியொன்றின் நடுவே நிகழ்ந்தது என்னும் உண்மை இச்சித்திரிப்பில் மங்கிவிடுகின்றது. அவரது பௌத்த ஈடுபாடு ஹிட்லரின் ஆட்சிக்கு முற்பட்டது. எனவே அச்சமே அவரைத் துறவியாக்கியது எனல் பொருந்தாது. 1936இல் இலங்கை வந்து ஞானதிலோக தேரரிடம் துறவு பூண்ட அவரிடத்து, தேடலும் புகலும் ஒன்றையொன்று ஊடறுத்து நின்றன எனலே தகும்.

1939இல் போர் மூண்டதும் பிரித்தானிய ஆட்சி அவரை எதிரிநாட்டவரெனத் தியத்தலாவையிலும், பின்னர் இந்தியாவின் தேராதூனிலும் தடுத்து வைத்தது. 1941 நவம்பரில் ஜேர்மன் அரசு வெளிநாடுகளில் வாழ்ந்த யூதரின் குடியுரிமையைப் பறித்தது. யூதரென ஓர் அரசு விலக்கிய மனிதரை, ஜேர்மனியரென மற்றோர் அரசு 1946 வரை அடைத்து வைத்தது. ஏகாதிபத்தியப் போரின் தருக்கம் இதனினும் தெளிவாக வெளிப்படுதல் அரிது.

அதே முகாமிலிருந்து 1944இல் தப்பித் திபெத் சென்றவர் ஹைன்ரிஷ் ஹாரர். நாசிகளின் எஸ்.எஸ். அமைப்பில் உறுப்பினராயிருந்த அவரது பயண நூல் உலகப் புகழ் பெற்றது. முள்வேலிக்குள் இருந்த தேரரோ சுத்த நிபாதத்தையும் தம்மசங்கணியையும் ஜேர்மன் மொழியில் பெயர்த்தார். தப்பியோடுதல் சாகச இலக்கியமாக விலைபோக, தன்னைத் துரத்திய தேசத்தின் மொழியைக் கைவிடாத உழைப்பு அறிஞர் வட்டத்துள் அடங்கிப்போனமை நோக்கற்பாலது.

1954இல் வெளிவந்த, பௌத்த தியானம் பற்றிய அவரது முதன்மை நூல் இரு உலகப்போர்களை நினைவூட்டியே தொடங்குகின்றது. ஏதிலியின் அனுபவம் அங்கே 'நான்' என்ற சொல்லின்றிப் பேசுகின்றது. அதுவே அதன் பலம். ஆயின் போரின் வேர் மனித மனத்தின் பேராசையிலும் பகையிலும் காணப்படும்போது, அப்பேராசையை நிறுவனமாக்கிய மூலதனமும் அதற்குத் துணைநின்ற பாசிசமும் பார்வைக்கு அப்பாற் சென்றுவிடுகின்றன. அதுவே அதன் எல்லை.

1951இல் தேரருக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்தது, அது நியாயமானதே. ஆனால் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், அதே கண்டி மலைகளில் உழைத்த தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. தனியொரு துறவிக்குத் திறந்த கதவு உழைக்கும் வர்க்கமொன்றிற்கு அடைக்கப்பட்டமைக்குத் தேரர் பொறுப்பாளியல்லர். எனினும் நாடிழந்த ஒருவரின் எழுத்தை இம்மண்ணில் வாசிக்கும் நாம், அவ்வெழுத்தின் கருணையை மதிக்கும் அதேவேளை, அது எழுதப்பட்ட குன்றைச் சூழ்ந்திருந்த லயன்களையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும். அவ்வாறு வாசிக்கும்போதே அக்கருணை வரலாற்றுப் பொருள் பெறும்.