துறவியின் ஆறுதல் தோற்கும் இடம்

1878 மே மாதம் தஸ்தயேவ்ஸ்கியின் கடைக்குட்டி அல்யோஷா வலிப்பு வந்து இறந்தான். மூன்று வயதுகூட நிறையவில்லை. அதே நோய் தகப்பனுக்கும் இருந்ததால் துக்கத்தோடு குற்றவுணர்வும் சேர்ந்துகொண்டது. மனைவி அன்னாவின் ஏற்பாட்டில், இளம் தத்துவவாதி சொலவ்யோவுடன் ஆப்டினா மடத்துக்குப் போனார். அம்ப்ரோஸ் என்ற முதிய துறவியைச் சந்தித்தார்.

மறு ஆண்டு அவருடைய 'கரமசோவ் சகோதரர்கள்' நாவல் தொடராக வரத் தொடங்கியது. அதில் மகனைப் பறிகொடுத்த ஓர் ஏழைத் தாய், துறவி ஸோசிமாவிடம் வருகிறாள். பிள்ளைக்கு மூன்று வயதாக மூன்று மாதம் பாக்கி. பெயர் அலெக்ஸெய்; அல்யோஷா என்பது அதன் செல்ல வடிவம். அவள் கடவுளைப் பற்றியா பேசுகிறாள்? குட்டிச் சட்டை, பூட்ஸ், அறைக்குள் ஓடும் காலடிச் சத்தம், இடுப்பில் கட்டிய வார் என்றே பேசுகிறாள்.

குழந்தை தேவதூதர்களோடு இருக்கிறது என்கிறார் துறவி. வண்டிக்காரப் புருஷனும் அதைத்தான் சொன்னான், சொல்லிவிட்டு அவனும் அழுதான் என்கிறாள் அவள். ஆறுதல் அங்கேயே தோற்றுப்போகிறது. பிறகுதான் அவர், தேற வேண்டாம், அழு என்று விட்டுவிடுகிறார். நாவலின் மிகத் துணிச்சலான இடம் இதுதான். மடத்தில் கணவர் கேட்ட சொற்களே இவை என்று அன்னா நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

இத்தனைக்கும், குழந்தைகளின் துன்பத்தைக் காட்டிக் கடவுளிடம் கணக்குக் கேட்கும் இவானுக்கும் (சகோதரர்களில் ஒருவன்) அதே நாவலில் முழு இடம் உண்டு. அவன் அடுக்கும் கொடுமைகள் பலவும் பத்திரிகைகளில் வந்த நிஜச் சம்பவங்கள். அவனுக்கு நேரடிப் பதில் எங்கும் இல்லை. கடைசியில் சிறுவன் இல்யூஷாவை அடக்கம் செய்தபின், இவ்வளவு துக்கத்தில் அப்பம் தின்பதா என்று அவன் தோழன் கோல்யா முகம் சுளிக்க, இவானின் தம்பி அல்யோஷா கரமசோவ் சிரித்தபடி பையன்களைச் சாப்பிட அழைத்துப்போகிறான்.