தீர்ப்பு முகாமுக்குள் வந்ததா?

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் குடவோலையோடு நிறுத்திக்கொள்வார்கள். என்னை ஈர்ப்பது அதற்கு முந்திய பகுதி. முதலாம் பராந்தகன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சபையின் வாரியங்களுக்குத் தகுதியுள்ளவர் யார் என்று அந்தச் சுவர் கணக்குப் போட்டுச் சொல்கிறது: கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட வயது, வேதப் பயிற்சி. பெண்களும் நிலமற்றவர்களும் அந்தக் கணக்குக்கு வெளியேதான் நின்றார்கள். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் விதி கல்லில் இருந்தது. தான் உள்ளா வெளியா என்பதை எழுத்தறிந்தவர் எவரும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பின் கடல் கடந்து வந்த ஈழத்தமிழருக்கு அப்படி ஒரு சுவர் கிடைக்கவில்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இயற்றவில்லை. மறுவாழ்வுத் துறையின் கடிதம், ஆட்சியரின் உத்தரவு, உளவு போலீசான க்யூ பிரிவின் குறிப்பு என்று இவற்றாலேயே ஒரு தலைமுறை ஆளப்பட்டது. இந்த வெற்றிடத்தில் நாற்பது ஆண்டுகளாகச் சிலர் கட்டணம் வாங்காமல் சட்டவேலை பார்த்திருக்கிறார்கள். அதைப் பாராட்டிய மேடைகள் பல. எடைபோட்டுப் பார்த்தவர்கள் குறைவு.

எடைபோட முதலில் படிக்கல் வேண்டும். எத்தனை வழக்கு, எத்தனை ஆணை என்ற எண்ணிக்கை எனக்குப் போதவில்லை. காஞ்சிப் பட்டில் கோர்வை என்றொரு வேலை உண்டு: புடவையின் உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடி, ஊடையோடு ஊடை கோத்து ஒன்றாகும். கோர்வை தளர்ந்திருந்தால் கரையில் ஜரிகை எவ்வளவு மின்னினாலும், விவரம் தெரிந்தவர் புடவையைப் புரட்டிப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஏதிலியர் சட்டப்பணியில் உயர் நீதிமன்றம் கரை என்றால், முகாமின் பதிவேடும் அதில் பெயருள்ள மனிதரும் உடல். ஒருவர் பெற்ற ஆணை, வக்கீல் வைக்க வழியில்லாத அடுத்த வீட்டாருக்கும் போய்ச் சேர்ந்ததா? நான் கேட்பது இதைத்தான்.

இந்தப் பணியில் மூத்தது ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம். தந்தை செல்வாவின் மகனும் வழக்கறிஞருமான எஸ்.சி. சந்திரஹாசன் 1984இல் தொடங்கியது. மறு ஆண்டே, திம்பு பேச்சுவார்த்தை முறிந்ததும், அவரையே நாடுகடத்த இந்திய அரசு ஆணையிட்டது. பிறகு அந்த ஆணை விலக்கிக்கொள்ளப்பட்டது. ஏதிலியின் சட்டநிலை எவ்வளவு மெல்லியது என்பதை அவர் நூலகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

கழகத்தின் சிறந்த சாதனை நீதிமன்றத்தில் நிகழ்ந்ததே அல்ல. முகாமில் பிறந்த குழந்தைக்குப் பிறப்புச் சான்று வாங்குவது, அதைக் கொண்டு சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவது என்ற சலிப்பூட்டும் வேலைதான் அது. வெளிநாட்டில் பிறந்த குழந்தை பதிவு பெற்றால்தான் இலங்கைக் குடியுரிமை உண்டு. பதியாவிட்டால் காகிதத்தில் இரு கரையிலும் அது யாருமில்லை. இந்த வேலையை ஏதிலியரையே பயிற்றுவித்து, முகாம் முகாமாக, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் செய்தார்கள். தலைப்புச் செய்திக்கு உதவாத பணி. முறையில் குறை காண முடியாத பணியும்கூட.

நோக்கத்தில் குறை உண்டு. கழகம் ஏதிலியரைத் திரும்பிப் போகிறவர்களாகவே கருதியது. கல்வி, பயிற்சி, ஆவணம் யாவும் அந்தப் பயணத்துக்கான தயாரிப்பு. யாழ்ப்பாணத்தில் காணி உள்ளவருக்கு அது பொருந்தும். ஆனால் முகாம்களில் கணிசமானோர் இந்திய வம்சாவளியினரான மலையகத்தார். 1948இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இவர்களின் முன்னோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்தது. அந்தப் பங்கீட்டில் முடியாமல் நின்ற குடும்பங்களே பின்னர் கலவரத்துக்குத் தப்பிப் படகேறின. அவர்களுக்குத் திரும்ப ஊரில்லை, வந்ததுதான் பூர்வீகம். ‘திரும்புதல்’ என்ற ஒரே சட்டகத்துக்குள் இரு வேறு வரலாறுகளை வைத்ததால், இந்தியக் குடியுரிமை என்ற கேள்வி உரிய காலத்தில், உரிய அழுத்தத்தோடு எழவில்லை. நாற்பதாண்டுப் பணியின் பெரிய கோட்பாட்டுப் பிழையாக இதையே கருதுகிறேன்.

நீதிமன்றப் பக்கத்துக்கு வருவோம். ராஜீவ் காந்தி கொல்லப்பட்டது 1991 மே 21இல், ஸ்ரீபெரும்புதூரில். இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்து ஊர் அது. அதன்பின் மாநிலத்தின் மனநிலை மாறியது. மறு ஆண்டு ஏதிலியரைத் திருப்பி அனுப்பும் வேலை தொடங்கியது. விருப்பத்தின் பேரில் போவதாகக் கையெழுத்து வாங்கப்பட்ட படிவம் ஆங்கிலத்தில் இருந்தது என்பது அப்போது எழுந்த குற்றச்சாட்டு. பழ. நெடுமாறன் தொடுத்த வழக்கு, ஏதிலி வெளியேற்றத்தை அரசின் தனி அதிகாரம் என்ற நிலையிலிருந்து இறக்கி, ‘விருப்பம் மெய்யா?’ என்ற சோதனைக்கு உட்படுத்தியது. அதே 1992இல் ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்து, புறப்படுவோரின் விருப்பத்தைச் சரிபார்க்கத் தொடங்கியது. வழக்கின் உத்தி துல்லியமானது. அகதிச் சட்டம் இல்லாத நாட்டில் சம்மதம் என்ற எளிய கருத்தைப் பிடித்துக்கொண்டு அரசை நிறுத்த முடிந்தது. ஆனாலும் ஆணையத்துக்கு முகாம்களுக்குள் நுழைய அனுமதியில்லை. முகாமுக்குள் நடந்த வற்புறுத்தலை வாசலுக்கு வெளியே கேட்கும் கேள்வி எவ்வளவு பிடிக்கும்? 1995 வரை ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பினார்கள்.

பணியின் முழுத் தோல்வி ஏதிலியரைப் பூட்டிவைத்த ‘சிறப்பு முகாமில்’தான். 1946ஆம் ஆண்டின் அயல்நாட்டார் சட்டம், வெளிநாட்டவரைக் குறிப்பிட்ட இடத்தில் தங்கச் சொல்ல அரசுக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. ‘தங்குதல்’ என்ற அந்தச் சொல்லுக்குப் பூட்டும் காவலரும் முளைத்தன. குற்றப்பத்திரிகை வேண்டாம், தண்டனைக் காலம் என்ற எல்லையும் இல்லை. செங்கல்பட்டுச் சிறப்பு முகாம், 2019இல் மாவட்டம் பிரியும்வரை, காஞ்சிபுரம் மாவட்ட எல்லைக்குள் இருந்தது. மாவட்ட முதன்மை நீதிமன்றமும் அதே செங்கல்பட்டில்தான். ஒரே ஊரில் நீதிமன்றம் ஒரு பக்கம், நீதிமன்றம் விதிக்காத காவல் இன்னொரு பக்கம். உள்ளே இருந்தவர்கள் உண்ணாநிலைப் போராட்டங்களால்தான் வெளியுலகுக்குத் தங்களை நினைவூட்ட வேண்டியிருந்தது.

ஆட்கொணர்வு மனுக்கள் போடப்பட்டன. இல்லை என்று சொல்வது அநியாயம். 1995இலும் 2003இலும் சென்னை உயர் நீதிமன்றம் அரசின் பக்கமே நின்றது: இது காவல் அன்று, நடமாட்டக் கட்டுப்பாடு மட்டுமே. அந்தத் தீர்ப்புகளின் தருக்கம் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் சட்டத்தொண்டர்களின் குறையும் அங்கே தெரிகிறது. ஒவ்வொரு மனுவும் ஒவ்வொருவரின் விடுதலைக்காகப் போடப்பட்டது. ஆள் வெளியே வந்ததும் வழக்கு தீர்ந்தது, முகாம் இருந்தது. அரசியல் சட்டத்தின் 21ஆம் கூறு குடிமக்களுக்கு மட்டுமானதன்று, ‘எவருக்கும்’ உரியது என்று சக்மா அகதிகள் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 1998இல் குஜராத் உயர் நீதிமன்றம் அதிலிருந்து இன்னும் ஓரடி போய், உயிருக்கு ஆபத்துள்ள நாட்டுக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக்கூடாது என்ற நெறியை அதே கூற்றுக்குள் கண்டது. இந்த இரண்டையும் அடித்தளமாக்கி, சிறப்பு முகாம் என்ற அமைப்பையே விசாரணைக்கு இழுத்து உச்ச நீதிமன்றத்தில் முடிவு காணும் நீண்ட திட்டம் நம்மிடம் உருவாகவில்லை.

அதன் விலையை ராஜீவ் கொலை வழக்கே காட்டியது. 1998 ஜனவரியில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தபோது, நெடுமாறன் முன்னின்று பொதுமக்களிடம் நிதி திரட்டி உச்ச நீதிமன்ற வாதத்துக்கு வழி செய்தார். 1999 மே மாதம் 19 பேர் தூக்கிலிருந்து மீண்டு விடுதலையானார்கள். நம் சட்டத்தொண்டின் உச்சம் என்று இதைத் தயங்காமல் சொல்லலாம். எஞ்சியோரில் கடைசி ஆறு பேரை 2022 நவம்பர் 11இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அவர்களில் இலங்கையர் நால்வரும் சிறையிலிருந்து நேரே திருச்சி சிறப்பு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அந்த நால்வரில் ஒருவரான சாந்தன் ஊர் திரும்பாமலே 2024 பிப்ரவரி 28இல் சென்னை மருத்துவமனையில் இறந்தார். தூக்கை வென்ற வாதம் தங்குமிட உத்தரவிடம் தோற்றது.

குடியுரிமை வழக்குகளில் நிலை சற்று மேல். 2003 திருத்தத்தின்படி, ஆவணமின்றி வந்தவர் ‘சட்டவிரோதமாகக் குடியேறியவர்’. எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடியாது. உயிருக்குப் பயந்து படகேறியவர் விசா எடுத்து வந்திருக்க வேண்டும் என்பது அதன் எதிர்பார்ப்பு. 2019 ஜூன் மாதம், மலையக வம்சாவளியினர் 65 பேரின் வழக்கில் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் இந்தச் சுவரில் ஒரு கதவைத் திறக்கப் பார்த்தார்: விதியைத் தளர்த்தும் அதிகாரம் மத்திய அரசிடம் உள்ளார்ந்து இருக்கிறது, புதிதாக விண்ணப்பம் வாங்கி 16 வாரத்துக்குள் முடிவெடுங்கள் என்றார். வரலாற்றுணர்வு மிக்க தீர்ப்பு. ஆனால் பரிசீலிக்கச் சொல்லும் ஆணை குடியுரிமை தராது. அந்த ஆண்டு டிசம்பரில் வந்த திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றையும் பெயர் சொல்லி, இலங்கையை விட்டது. 2022 அக்டோபரில் அதே நீதிபதி, அந்தச் சட்டத்தின் அடிப்படை ஈழத்து இந்துத் தமிழருக்கும் பொருந்தும் என்றார். இந்த வாதத்தில் எனக்கு ஐயம் உண்டு. ஒருவேளை வென்றாலும், பக்கத்து வீட்டுக் கிறித்தவரையும் முஸ்லிமையும் வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போகும் வெற்றி அது.

நான் மிக உயர்வாக மதிப்பது 2022 ஆகஸ்ட் ஆணையை. மண்டபம் முகாமில் 1986 ஏப்ரலில் பிறந்த ஒரு பெண் கடவுச்சீட்டுக் கேட்டார், அலுவலகம் மறுத்தது. நீதிமன்றம் குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவைப் பிரித்து வைத்தது: 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், பிறப்பால் குடிமகர். விலக்குகள் தூதரகத்தார் குழந்தை போன்றவை மட்டுமே. இரக்கமோ வரலாறோ தேவைப்படாத வாதம். 2024 ஏப்ரலில் திருச்சி கொட்டப்பட்டு முகாமிலிருந்து போய் அவர் வாக்களித்தார்.

இங்கேதான் என் படிக்கல் கனக்கிறது. அந்தப் பெண் பிறந்த நாளிலேயே இந்தியர். அதை ஒரு காகிதத்தில் எழுதி வாங்க முப்பத்தாறு ஆண்டு ஆயிற்று. 1983 ஜூலைக்கும் 1987 ஜூன் முடிவுக்கும் இடையே முகாம்களில் பிறந்த ஒவ்வொருவரும் அதே நிலையில்தான் இருந்தார்கள். அவர்களைக் கண்டுபிடிக்கப் பெரிய சட்டமேதை தேவையில்லை; முகாம் பதிவேடும், பிறந்த தேதிப் பத்தியில் வைத்துப் பார்க்க ஓர் அடிக்கோலும் போதும். பிறப்புச் சான்றுகளை ஆயிரக்கணக்கில் எடுத்துக் கொடுத்தவர்களும், குடியுரிமைக்கு நீதிப்பேராணை போட்டவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தால் தொண்ணூறுகளிலேயே முடிந்திருக்கும் வேலை. கரை நெய்தவரும் உடல் நெய்தவரும் வேறு வேறு தறியில் இருந்தார்கள்.

அரசின் சட்ட உதவிக்கும் இதில் கணக்கு உண்டு. அரசியல் சட்டத்தின் 39அ கூறு, நீதி மறுக்கப்படக் கூடாதவரைக் ‘குடிமகர்’ என்கிறது. ஆனால் 1987இன் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12ஆம் பிரிவில், ‘எந்த நபரும்’ என்று அகலமாகப் பேசுகிறது. அந்தப் பட்டியலில் இன வன்முறைக்கு ஆளானவர் என்றே ஒரு வகை இருக்கிறது. 1983 ஜூலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லைச் சட்டம் எழுத முடியாது. காவலில் உள்ளவரும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் சிறப்பு முகாம் ‘காவல் அன்று’ என்பதால், உள்ளே பூட்டப்பட்டவர் இந்த வாசல் வழியே வர முடியாது! தனியார் தொண்டு தாங்கிய சுமையில் பாதியை மாவட்ட ஆணைக்குழுக்கள் எடுத்திருக்கலாம். சட்டம் தடுக்கவில்லை, கேட்பாரில்லை.

2021இல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றி, வீடு கட்ட நிதியும் ஒதுக்கியது. வீடு நல்லது, பெயரும் நல்லது. ஆனால் சட்டநிலை வேறு கதை. 2025 மே மாதம், தண்டனை முடித்த ஓர் ஈழத்தமிழரின் மனுவில், இந்தியா தர்மசத்திரம் அல்ல என்று உச்ச நீதிமன்ற அமர்வு வாய்மொழியாகச் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய குடியேற்றச் சட்டத்தின் விலக்காணை, 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்த ஈழத்தமிழருக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விலக்களிக்கிறது. தண்டனை போயிற்று, குடியுரிமைக்கு வழி அதில் இல்லை.

ஆக என் தீர்ப்பு: ஆவணப் பணி முதல் தரம். உயிர்காக்கும் வாதங்கள் அதற்கு இணை. குடியுரிமை வழக்குகள் கூர்மையானவை, ஆனால் தாமதமானவை, தனித்தனியானவை. சிறப்பு முகாமைப் பொறுத்தவரை இந்தப் பணி தன் கடமையைச் செய்யவில்லை.

முகாம்களில் இன்னும் ஏறத்தாழ 58,000 பேர் இருக்கிறார்கள். காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழக்கறிஞர் சங்கங்களில் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு முகாமின் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள், 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்தவர்களைப் பட்டியலிடுங்கள். அந்தப் பட்டியலில் மிக இளையவருக்கே இப்போது வயது நாற்பதை நெருங்குகிறது.