வைக்கோலும் உலர்புல்லும்: ஹாம்சனின் 'நிலவளம்' புதினத்தில் கால்நடைச் சொற்கள்

1. நார்வே எழுத்தாளர் க்னுட் ஹாம்சன் 1917-இல் வெளியிட்ட புதினம், 1920-ஆம் ஆண்டின் நோபல் பரிசை அவருக்குப் பெற்றுத் தந்தது. ஆங்கில வழியாக அதனைத் தமிழாக்கிய க.நா. சுப்ரமண்யம் 'நிலவளம்' எனப் பெயரிட்டார். இப்புதினம் பெரும்பாலும் மண்ணின் பெருமையைப் பாடும் நூலாகவே படிக்கப்படுகிறது. ஆயின் அதன் உயிர்நாடி நிலம் மட்டுமன்று, கால்நடையுமாகும். காட்டைத் திருத்திக் குடியேறியவனின் வாழ்வு எத்துணைக் கடினமானது என்பதைச் சில எளிய தொழிற்சொற்களே தாங்கி நிற்கின்றன. அவை பிழைபடின் வாழ்வுப் போராட்டம் முல்லைநில இன்பக் காட்சியாக மாறிவிடும். அத்தமிழாக்கத்தின் குறைநிறைகளைப் பட்டியலிடாமல், இத்தகைய நூலைத் தமிழில் தர முயல்வோர் எதிர்கொள்ளும் சிக்கலை ஆராய்வதே இங்கு நோக்கம்.

2. ஈசாக் தனியனாகக் காட்டுக்குள் வருகிறான், குடில் அமைக்கிறான், வெள்ளாடுகளைக் கொண்டுவருகிறான். அன்றே அவன் கட்டுண்டு விடுகிறான். பால் கறக்க வேண்டிய ஆடுகளை விட்டுவிட்டுத் தொலைவிலுள்ள ஊருக்குச் சென்றுவர இயலாது. அவ்வழி செல்லும் சாமி இனத்தாரிடம் அவன் சொல்லியனுப்புவது, ஆடுகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வேண்டும் என்பதே. இங்கெர் வருகிறாள், பின்னர் ஒரு பசுவையும் ஓட்டிவருகிறாள். பசு வந்ததும் கொட்டிலும் தீவனமும் வேண்டியுள்ளன. ஒவ்வோர் உயிரும் செல்வமாக வந்து கடமையாக நிலைக்கிறது. தந்திக் கம்பியைக் கண்காணிக்கும் கூலி வேலையை ஈசாக் மறுத்துவிடுகிறான். அதனை ஏற்கும் பிரெடெ நிலத்தைக் கைவிட்டு, இறுதியில் பண்ணையை இழக்கிறான். புதினத்தின் வாதம் இவ்வேறுபாட்டில் அடங்கியுள்ளது.

3. இவ்வாதத்தின் அச்சாணி உலர்புல். வட நார்வேயில் கால்நடைகள் ஆண்டில் ஏழெட்டுத் திங்கள் கொட்டிலுக்குள் அடைபட்டிருக்கும். குறுகிய கோடையில் அறுத்து உலர்த்திச் சேமித்த புல்லின் அளவே குளிர்காலத்தில் எத்தனை உயிர்களைக் காக்கலாம் என்பதை முடிவு செய்யும். பழைய நார்வே வேளாண்மையில் புல் போதாதபோது மரத்தழையும் பாசியும் தீவனமாயின. இளவேனிலில் மெலிந்து எழமாட்டாத மாடுகளைத் தூக்கி வெளியே கொணர்ந்ததும் உண்டு.

இப்புல்லைத் தமிழில் 'வைக்கோல்' என்றால் பொருள் சரிகிறது. வைக்கோல் நெல்லறுவடையின் துணைப்பயன்; உழவன் அதற்கெனத் தனியே உழைப்பதில்லை. நார்வே மொழியும் ஆங்கிலமும் இவ்விரண்டையும் வெவ்வேறு சொற்களால் குறிக்கின்றன. 'காய்ந்த புல்' என்பதோ பயனற்றுக் கருகியதை நினைவூட்டும். கொங்கு நாட்டில் மாட்டுக்கென விதைத்து, அறுத்து, உலர்த்திப் போரிடும் சோளத்தட்டே பயன்பாட்டளவில் இதற்கு அணுக்கமானது. ஆனால் அச்சொல்லை அப்படியே இட்டால் பயிரே மாறிவிடும். 'உலர்புல்', 'புற்போர்' என ஆண்டு, முதல் வருகையிலேயே அதன் இன்றியமையாமையைத் தொடரமைப்பால் உணர்த்துதல் தகும்.

பருவப் பெயரிலும் இதே இடர்ப்பாடு உண்டு. தமிழர்க்குக் கோடை புல் கருகும் காலம். ஈசாக்கிற்கோ அது புல் சேர்க்கும் காலம். அகராதி நிலையில் 'கோடை' சரியே. உணர்வு நிலையில் எதிர்மறையானது.

4. தமிழில் சொல்வளம் குறைவு என்பதன்று. கிடாரி, சினை, ஈற்று, கறவை என நுட்பமான சொற்கள் பல உள்ளன. எனினும் 'ஆடு' என்னும் பொதுச்சொல் இங்கு இடர் தரும். வெள்ளாடு தழை தின்று பால் தருவது. செம்மறி கம்பளி தருவது. வெள்ளாட்டுடன் செம்மறியும் சேரும்போது அக்குடும்பம் ஒரு படி உயர்கிறது. இரண்டையும் 'ஆடு' என்றால் அவ்வளர்ச்சி மறைந்துவிடும்.

நிலம் பற்றிய சொல்லும் எண்ணத்தக்கது. ஈசாக் குடியேறுவது உரிமையாளர் இல்லாப் பொதுநிலம். அதனைப் 'பாழ்நிலம்' என்பதைவிடப் 'புறம்போக்கு' என்பது பொருந்தும். பிற்பாடு கெய்ஸ்லர் அரசிடமிருந்து அதனை விலைக்குப் பெற்றுத் தருவதும் அப்போது விளங்கும். மேலும், அது ஆளற்ற நிலமன்று; சாமியர் நடமாடும் நிலம். முந்தைய ஆங்கிலப் பெயர் இன்று இழிவழக்காகக் கருதப்படுவதால் அவ்வினத்தாரே ஏற்ற பெயரை ஆளவேண்டும். 'சாமி' என்பது தமிழில் கடவுளைக் குறிக்குமாதலின் 'சாமியர்', 'சாமி இனத்தார்' என்பன மயக்கம் நீக்கும்.

5. ஹாம்சனிடமும் குறையுண்டு. ஈசாக்கின் முயற்சிகள் பெரிதும் கைகூடுகின்றன. அதன் விலையை இங்கெரே மிகுதியாகச் செலுத்துகிறாள். அவள் இல்லாத நாள்களில் வீட்டையும் கால்நடையையும் காக்க ஓலினெயை நம்ப வேண்டியுள்ளது, நம்பிக்கை பொய்க்கிறது. இக்காட்சிகளே மண்வழிபாட்டை மறுக்கும் உண்மைகளாக நூலுக்குள் நிற்கின்றன. பிற்காலத்தில் நாட்சியரை ஆதரித்த ஓர் எழுத்தாளரின் மண்பற்றைப் படிக்கும்போது இவை கூடுதல் முதன்மை பெறுகின்றன.

ஆகவே இந்நூலின் மொழிபெயர்ப்பாளர் முதலில் காக்க வேண்டியது வருணனையின் அழகையன்று, கொட்டிலின் கணக்கை. எத்தனை வாய், எத்துணைப் புல், எத்தனை திங்கள் என்பது தெளிவாயின், ஈசாக்கின் பெருமையும் இங்கெரின் சுமையும் ஒருங்கே விளங்கும்.