ஜெஞ்சாரோமும் 'புலம்பெயர்வு' என்னும் சொல்லும்

மக்கள் ஏன், எவ்வாறு இடம்பெயர்கின்றனர் என்னும் வினாவுக்குச் சமூகவியலார் வகுத்த விடைகளை மலேசியத் தமிழ் நாவலாய்வு பெரும்பாலும் அப்படியே ஏற்றுக்கொண்டுள்ளது. 1885இல் ராவென்ஸ்டைன் இடப்பெயர்வின் விதிகளைக் கூறினார். 1966இல் எவரெட் லீ, புறப்படும் இடம், சேரும் இடம், இடைப்படும் தடைகள், தனிமனிதர் நிலை எனக் காரணிகளை நான்காக வகுத்தார். தள்ளுவிசை, ஈர்ப்புவிசை என்று நாம் வகுப்பறையில் கற்பிப்பது இவற்றின் சுருக்கமே.

இவ்வளவுகோல் ஓரெல்லைவரை பயன்படும். தமிழகத்து வறட்சியும் கடனும் சாதிக்கொடுமையும் தள்ளின. கங்காணியின் வாக்கும் 1907இல் அமைந்த குடியேற்ற நிதி அளித்த கப்பற்பயணமும் ஈர்த்தன. 1938இல் இந்திய அரசு தொழிலாளரை அனுப்புவதற்குத் தடை விதித்தது. அத்துடன் நம் இடப்பெயர்வு வரலாறு முடிந்துவிட்டதா என்பதே இங்கு எழும் வினா.

கோலலங்காட் மாவட்டத்து ஜெஞ்சாரோம் இதற்கு வேறு விடை தருகிறது. அவசரகாலத்தின்போது, 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் உருவான புதுக்கிராமங்களுள் அதுவும் ஒன்று. நாடெங்கும் ஏறத்தாழ 5 இலட்சம் பேர், பெரும்பாலும் சீனர், அத்தகைய கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். தோட்டத் தொழிலாளரின் குடியிருப்புகளும் முள்வேலிக்குள் தொகுக்கப்பட்டன. கடந்த தொலைவு சிறிது. மாறிய வாழ்வோ முழுமையானது. இடம்பெயர்வோருட் பெரும்பாலோர் குறுந்தொலைவே செல்வர் என்பது ராவென்ஸ்டைன் விதி. அவ்விதி இங்கும் பொருந்துகிறது. ஆயினும், செல்வதென்று முடிவெடுத்தவர் யார் என்பதை அது கேட்பதில்லை.

நம் நாவலாசிரியர்கள் அதனைக் கேட்டுள்ளனர். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகியவை, 1942-43இல் இரயில்பாதை அமைக்கக் கொண்டுசெல்லப்பட்ட தமிழரைப் பற்றியன. ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை' இவ்வட்டாரத்து நதியையே தலைப்பாக்கியது. இவற்றைத் தாயக ஏக்கம் என்னும் அளவுகோலால் மட்டும் அளந்தால் மையம் நழுவிவிடும். இங்கு இழக்கப்படும் ஊர் தமிழகத்து ஊரன்று. மலாயாவிலேயே வேர்விட்ட ஊர்.

வலிந்த இடப்பெயர்ச்சி என்னும் வகைப்பாடு ஆய்வுலகில் உண்டே எனச் சிலர் கூறலாம். உண்மையே. ஆனால், நாம் அதனை ஈழத்தமிழர் எழுத்துக்கென ஒதுக்கிவைத்துவிட்டோம். பட்டினப்பாலையில் 'புலம்பெயர் மாக்கள்' எனப்படுவோர் காவிரிப்பூம்பட்டினத்தில் இனிது கலந்துறையும் அயலவர். அச்சொல்லையே சயாமுக்குப் பிடித்துச் செல்லப்பட்டவருக்கும் நாம் வழங்குகிறோம். பெயர்ந்தவரையும் பெயர்க்கப்பட்டவரையும் ஒரே சொல்லால் குறிக்கையில், பெயர்த்தவர் யார் என்பது மறைந்துபோகிறது.

இஃது இலக்கணச் சிக்கல் மட்டுமன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது 1960இல் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தோன்றிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரின் சிறு சேமிப்பைக் கொண்டு தோட்டங்களை வாங்கியது. இடம்பெயர மறுத்தோரின் வரலாறு அது. பின்னர் வீடமைப்புக்காகவும் தொழிற்பேட்டைக்காகவும் தோட்டங்கள் அழிந்தபோது, பலர் கிள்ளான் பள்ளத்தாக்கின் புறம்போக்குக் குடிசைகளை அடைந்தனர். அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கின்றனர். புலம்பெயர்வு என்றதும் பாட்டன் ஏறிவந்த கப்பலையே நாம் சுட்டுகிறோம். தாய்தந்தையரை வெளியேற்றிய லாரியைச் சுட்டுவதில்லை.

எனவே 'பெயர்வு', 'பெயர்ப்பு' என்னும் இரண்டையும் வேறுபடுத்தி நாவல்களை மீள வாசிக்க வேண்டும் என்பது நம் கருத்து. அவ்வாசிப்புக்கு ஜெஞ்சாரோம் தக்க தொடக்கமாகும்.