சாட்சிக் கூண்டில் குரங்கு

மருத்துவ ஆய்வில் விலங்குகளைப் பயன்படுத்துவதை ஆதரிப்பவர்கள் முதலில் எடுத்து வைக்கும் சான்று போலியோ தடுப்பூசி. குரங்குகள் இல்லையேல் அந்த ஊசியே இல்லை என்பார்கள். எதிர்ப்பவர்கள் கையில் எடுப்பதும் அதே போலியோதான். குரங்கை நம்பித்தான் ஒரு தலைமுறைக் காலம் வீணாயிற்று என்பது அவர்கள் வாதம். நான் முதல் அணியைச் சேர்ந்தவன். ஆனால் அந்த அணி தன் வழக்கை மிகச் சோம்பலாக நடத்துகிறது என்பது என் எண்ணம்.

எதிர்த்தரப்பின் குற்றச்சாட்டு மெய்யானது. 1908-இல் வியன்னாவில் லாண்ட்ஸ்டைனர், பாப்பர் என்ற ஆய்வாளர்கள், போலியோ எனும் இளம்பிள்ளை வாதத்தால் இறந்த சிறுவனின் முதுகுத்தண்டுத் திசுவைக் குரங்குகளுக்குச் செலுத்தி அந்நோயை உண்டாக்கினார்கள். நோய்க்குக் காரணம் பாக்டீரியா அல்ல, வைரஸ் என்று தெரியவந்த வழி அது. அதன்பின் நியூயார்க்கின் ராக்பெல்லர் நிறுவனத்தில் சைமன் பிளெக்ஸ்னர் ரீசஸ் குரங்குகளின் மூளையிலிருந்து மூளைக்கு வைரஸை மாற்றி மாற்றிச் செலுத்தி வளர்த்தார். அப்படிப் பழக்கப்பட்ட வைரஸ் நரம்பைத் தவிர வேறெங்கும் வளராததாக மாறிப்போனது. ரீசஸ் குரங்குக்கு வாய்வழி கொடுத்தால் நோய் வரவில்லை, மூக்கில் விட்டால் வந்தது. ஆகவே மனிதருக்கும் நோய் மூக்கு வழியாகத்தான் நுழைகிறது என்று முடிவு கட்டினார்கள். ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1912-லேயே நோயாளிகளின் குடலில் வைரஸைக் கண்டிருந்தும் அது யார் காதிலும் ஏறவில்லை. விளைவு, 1937-இல் கனடாவின் டொராண்டோவில் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் மூக்கில் துத்தநாக சல்பேட்டைப் பீய்ச்சினார்கள். நோய் தடைபடவில்லை. சில குழந்தைகள் நுகரும் சக்தியை நிரந்தரமாக இழந்ததுதான் மிச்சம்.

இந்தப் பிழையைத் திருத்தியது குரங்கன்று. 1941-இல் சேபின், வார்டு என்ற ஆய்வாளர்கள் போலியோவால் இறந்தவர்களின் உடல்களை ஆராய்ந்தபோது வைரஸ் குடலில் கிடைத்தது, நுகர்வு நரம்புக் குமிழ்களில் கிடைக்கவில்லை. ஒரே இனத்திடம், ஒரே முறையில், ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தால் கிடைக்கும் பதில் எவ்வளவு உறுதியாகத் தப்பாக இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை.

ஆனாலும் நான் அணி மாறவில்லை. காரணம் 1952. போலியோ வந்த குழந்தைகளின் இரத்தத்தில் எவ்வளவு தேடியும் வைரஸ் கிடைப்பதில்லை. இரத்தத்தில் இல்லாத ஒன்றை இரத்தத்தில் ஓடும் எதிர்ப்புப் புரதம் எப்படித் தடுக்கும்? அது முடியாது என்றால் தடுப்பூசி முயற்சிக்கே அடிப்படை இல்லை. யேல் பல்கலைக்கழகத்தில் டோரதி ஹார்ஸ்ட்மனும் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் டேவிட் போடியனும் தனித்தனியாகக் குரங்குகளுக்கும் சிம்பன்சிகளுக்கும் வாய்வழி வைரஸைக் கொடுத்து, நாள் தவறாமல் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கை கால் முடங்குவதற்குச் சில நாள் முன்பே வைரஸ் இரத்தத்தில் வந்து போய்விடுகிறது. மருத்துவமனைக்குக் குழந்தை வந்து சேரும்போது அது மறைந்திருக்கும். மனிதரில் இதைக் காண வேண்டுமானால், நலமாக இருக்கும் குழந்தைக்கு வேண்டுமென்றே நோயைக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். விலங்கு ஆய்வுக்கு நியாயம் தேடுகிறவர் நிற்க வேண்டிய இடம் இதுதான்: வேறு எவ்வழியிலும் கேட்க முடியாத ஒரு கேள்வி, அதன் பதிலில் தொங்கும் ஆயிரமாயிரம் உயிர்கள்.

குரங்கு உண்மை சொல்லியும் மனிதர் கேளாத கதையும் உண்டு. 1954-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் பெர்னிஸ் எடி, கட்டர் நிறுவனத்தின் தடுப்பூசி மாதிரிகள் குரங்குகளை முடக்குவதைக் கண்டு மேலதிகாரிகளிடம் சொன்னார். அவர்கள் பொருட்படுத்தவில்லை. மறு ஆண்டு ஏப்ரலில் உயிருள்ள வைரஸ் கலந்த ஊசி குழந்தைகளுக்குப் போய், ஏறத்தாழ 200 பேர் முடங்கினர், 10 பேர் இறந்தனர்.

இனி இந்த வழக்கின் மிகப் பலவீனமான பகுதி. போலியோவுக்காகச் செத்த குரங்குகளில் ஹார்ஸ்ட்மனின் கேள்வி போன்றவற்றுக்காகச் செத்தவை மிகக் கொஞ்சம். வைரஸ் வகைகள் மூன்றுதான் என்று உறுதிசெய்ய மட்டும் சுமார் 17,500 குரங்குகள் ஆயின. அதையும் தாண்டி, பெரும்பாலானவை சிறுநீரகத்துக்காகக் கொல்லப்பட்டன. தடுப்பூசி வைரஸை அந்தத் திசுவில்தான் வளர்த்தார்கள். ஆராய்ச்சி என்ற பெயரில் அவற்றையும் கணக்கில் சேர்ப்பது சரியல்ல, அவை ஆலைக்குப் போன மூலப்பொருள். அந்த ரீசஸ் குரங்குகளில் பெரும்பங்கு வட இந்தியாவில் பிடிபட்டவை. 1955 தொடக்கத்தில் லண்டன் விமான நிலையத்தில் ஏறத்தாழ 400 குரங்குகள் மூச்சுமுட்டி இறந்தன. இந்திய அரசு ஏற்றுமதியைச் சிறிது காலம் நிறுத்தி, மருத்துவத் தேவைக்கு மட்டுமே என்ற நிபந்தனையோடு மீண்டும் திறந்தது.

அந்தச் சிறுநீரகங்கள் பாதுகாப்பானவையும் அல்ல. எஸ்.வி. 40 என்ற குரங்கு வைரஸ் அவற்றின் வழியே தடுப்பூசிக்குள் புகுந்திருந்தது 1960-இல் தெரியவந்தது. பிலடெல்பியாவில் ஹேஃப்ளிக் என்ற ஆய்வாளர் உருவாக்கிய, ஆய்வகத்தில் பெருகும் மனித உயிரணு வரிசை 1960-களின் தொடக்கத்திலேயே மாற்றாகக் கையில் இருந்தது. அமெரிக்க அதிகாரிகள் அதில் வளர்த்த போலியோ மருந்துக்கு உரிமம் தர 1972 வரை எடுத்துக்கொண்டார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் செத்த குரங்குகளுக்கு எந்த அறிவியல் காரணமும் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மருத்துவத் தேவைக்கு மட்டுமே என்ற அந்த நிபந்தனையை மீறி அமெரிக்க இராணுவக் கதிர்வீச்சுச் சோதனைகளில் இந்தியக் குரங்குகள் பயன்பட்டது வெளியானதும், மொரார்ஜி தேசாய் அரசு 1978 ஏப்ரலிலிருந்து ஏற்றுமதியை முற்றாகத் தடை செய்தது. தடுப்பூசி நின்றுவிடவில்லை. பின்னாளில் வெரோ என்னும் நிலையான உயிரணு வரிசையில் அதைப் பெருமளவில் தயாரித்தார்கள். சொட்டு மருந்தின் பாதுகாப்புச் சோதனையில் குரங்குக்குப் பதிலாக, வைரஸ் ஒட்டிக்கொள்ளும் மனித ஏற்பிக்கான மரபணுவைப் பெற்ற எலிகள் வந்தன. அந்த எலிகள் படும் துன்பத்துக்கும் இதே கேள்வியைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஒரு சோதனைக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு, இந்த ஆய்வு பயன்தருமா என்று மட்டும் பார்த்தால் அரைவேலைதான் செய்கிறது. அதே விடையைத் தரும் மாற்று முறை எப்போது வந்தது, அது வந்த பிறகும் பழைய முறை ஏன் தொடர்கிறது என்ற கணக்கையும் ஆண்டுதோறும் விண்ணப்பதாரரிடம் எழுத்தில் வாங்க வேண்டும்.